மேல்குரல்

மறுமலர்ச்சிக் கால இசையைப் புதிதாகக் கேட்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். எடுத்த எடுப்பில் நாற்பது பேர் சேர்ந்து பாடும் பெரிய தேவாலயப் பாட்டில் போய் விழுகிறார்கள். பத்து நிமிடத்தில் தலை சுற்றிவிடும். இது நமக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவைத்து விடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நான்கு பேர் பாடும் சின்னப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போகாததாக இருந்தால் நல்லது. அதையே ஒரு வாரம் கேளுங்கள்.

நீங்கள் என்னிடம் கேட்டது இது இல்லை என்று தெரியும். எப்படி ஆரம்பித்தது என்று கேட்டீர்கள், ஆரம்பித்தது இப்படித்தான். எழுதித் தருகிறேன் என்று சொன்னதும் பேனாவும் கோடு போட்ட தாளும் கொடுத்தீர்கள், நன்றி. இந்த மேசை ஆடுகிறது. இடப்பக்க முன்கால் ஒரு மில்லிமீட்டர் குறைவு. ஒரு தாளை எட்டாக மடித்து அடியில் வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்க்கும்போது ஒன்று குறைந்தால் தேட வேண்டாம்.

நான் மர மில்லில் வேலை பார்ப்பவன். முப்பத்தொரு வருடமாக வட்ட ரம்பத்தோடும் இழைப்பு இயந்திரத்தோடும்தான் குடித்தனம். மில்லில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பாம்புச்செவி' என்றுதான் கூப்பிடுவார்கள். ரம்பத்தின் பல் மழுங்கியிருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, மரத்துக்குள் பழைய ஆணி ஏதாவது ஒளிந்திருக்கிறதா, எல்லாவற்றையும் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். காதில் மாட்டிக்கொள்ள எல்லோருக்கும் ஒரு மஞ்சள் மூடி கொடுத்திருந்தார்கள். என்னுடையதைச் சுவரில் தலைகீழாக மாட்டி, அதில் பென்சில் போட்டு வைத்திருந்தேன். காதை அடைத்துக்கொண்டு ரம்பம் ஓட்டுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதும் ஒன்றுதான். இதை நான் மேலதிகாரியிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் நூலகத்தில் அலமாரி அடிக்க என்னை அனுப்பினார்கள். இசைத்தட்டுகள் வைக்கும் அறை. நூலகர் ஒல்லியான மனிதர், நாற்காலியோடு ஒட்டிப் பிறந்தவர். நான் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு பலகையைத் தூக்கிப் பிடித்திருந்த நேரத்தில் ஒரு தட்டைப் போட்டார். வாத்தியம் எதுவும் இல்லை. ஒரு ஆண் குரல் தனியாக ஆரம்பித்தது. அது நாலடி நடந்ததும் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குரல் பின்னால் வந்தது. அதற்குப் பின்னால் மூன்றாவது. கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பெண் குரல். மெல்லிய குரல்தான். இழைப்புளியிலிருந்து சுருண்டு வரும் சீவல் மாதிரி, வெளிச்சம் உள்ளே தெரிகிற மெல்லிசு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயில் ஆணி இருந்ததால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஐந்நூறு வருஷத்துப் பழசு இது," என்றார் நூலகர். "கச்சேரிக்குன்னு எழுதினது இல்ல. ஐரோப்பாவில அந்தக் காலத்துல வீட்டுல சாப்பிட்டு முடிச்சதும் மேசையைச் சுத்தி உட்கார்ந்து பாடுவாங்களாம்."

ஒரு பழைய புத்தகத்தின் நகலையும் எடுத்துக் காட்டினார். ஒரே பக்கத்தில் நான்கு பேருக்கான பாட்டும் இருந்தது. ஒருவருடையது நேராக, இன்னொருவருடையது படுத்தபடி, மற்றொன்று தலைகீழாக. அச்சடித்தவன் குடித்திருந்தான் என்று நினைத்தேன். அப்படியில்லையாம். புத்தகத்தை மேசை நடுவில் விரித்துவைத்தால் நான்கு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவரவர் பங்கு நேராகத் தெரியும். அடுத்தவர் பங்கு யாருக்கும் ஒழுங்காகத் தெரியாது. தெரியவும் தேவையில்லை. அவரவர் தன்னுடையதை நாணயமாகப் பாடினால் போதும், நான்கும் மேலே எங்கேயோ போய்ச் சேர்ந்துகொள்ளும். மரத்தில் நல்ல மூட்டு போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே பழைய கதவுப் பலகைகளை வைத்து ஒரு சதுர மேசை செய்தேன். அந்த மேசை ஆடாது. இப்போது அதை உங்கள் ஆட்கள் சாட்சிப் பொருளாக எடுத்துப்போய் எங்கேயோ வைத்திருக்கிறார்கள். ஈரத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புதியவர்கள் செய்யும் இரண்டாவது தவறு, இதில் எது முக்கியமான மெட்டு என்று தேடுவது. முக்கியமானது என்று ஒன்று கிடையாது. முதல் நாள் அடிக்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மறுநாள் அதற்கு மேலே இருப்பது. மேல்குரலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலிலேயே கேட்டுவிட்டால் மற்றது எதுவும் காதில் ஏறாது.

எங்கள் நால்வரையும் சொல்லிவிடுகிறேன். அடிக்குரல் நான். அதற்கு மேலே என் மைத்துனன், என் மனைவியின் தம்பி, நகரப் பேருந்து ஓட்டுபவன். மூன்றாவது குரல் எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா. மேல்குரல் என் மனைவி. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். மளிகைக் கடையில் வாயைத் திறந்தால் போதும், பின்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பயிற்சி. கோடும் புள்ளியுமாக இருந்த இசைக்குறிப்பைப் படிக்கப் பழகவே எட்டு மாதம் ஆனது. பாஷை புரியாததால் நூலகர் பாட்டின் சொற்களை நம் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். மைத்துனன் தன்னுடையதை விட்டுவிட்டு அக்காவுடையதை எட்டிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டான்.

"மாமா, நான் வண்டி ஓட்டுறவன். ரோடு நேரா இருந்தாத்தான் எனக்குப் போக வரும்," என்பான்.

"உன் ரோட்டைப் பார்த்துப் போடா. அடுத்தவன் ரோட்டை ஏன் பார்க்கிற?" என்பேன்.

தாளம் போடுவது என் பொறுப்பு. அந்தக் காலத்தில் இதற்கென்று கோல் பிடித்த ஆள் கிடையாது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதனின் நாடித்துடிப்புதான் கணக்கு. எனக்கு இடப்பக்கத்தில் என் மனைவி உட்காருவாள். அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேசையில் தட்டுவேன். ஒரு சனிக்கிழமை, முதல் தடவையாக, நாங்கள் இடறாமல் கடைசி வரை போய்ச் சேர்ந்தோம். பிறகு அவள், "என்னங்க, நாலும் ஒண்ணாயிருச்சுங்க," என்று சிரித்தாள். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கோளாறு கடந்த ஒன்றரை வருடமாகத்தான். முதலில் நூலகர் வீட்டில் கேட்கக் கொடுத்திருந்த இசைத்தட்டுதான் கெட்டுப்போனது. மேல்குரல் உயரப் போகும் இடங்களிலெல்லாம் தேய்ந்து, பிறகு காணாமலே போயிற்று. நூலகரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிந்த பயிற்சித் தட்டு ஒன்று கொடுத்தார். அடிக்குரல் அருமையாக இருந்தது. மேல்குரல் இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் ஒன்றுமே பதியவில்லை. திருப்பிக் கொடுத்தபோது காதில் கருவியை மாட்டிக் கேட்டுவிட்டு, "சரியாத்தானே இருக்கு," என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் பொருளைக் குறை என்று எந்தக் காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்?

இப்போதெல்லாம் எதிலும் தரம் இல்லை. எங்கள் வீட்டு அழைப்பு மணி வேலை செய்வதில்லை. மூன்று தடவை மாற்றினேன், மூன்றும் ஊமை. மருந்துக்கடை அம்மாவிடம் வாங்கிய காய்ச்சல்மானி சத்தம் போட்டுக் கூப்பிடும் என்றார்கள், கூப்பிடவில்லை. மனைவியும் சமையலறையிலிருந்து முணுமுணுவென்று பேச ஆரம்பித்தாள். ஊருக்கே அறிவிப்புச் சொல்கிறவள், வீட்டில் வாயைத் திறக்க மாட்டாளாம்.

கூண்டில் இரண்டு குருவிகள் வளர்த்தாள். அவையும் பாடுவதை நிறுத்திவிட்டன. பாடாத குருவிக்குத் தீனி எதற்கு? போன வருடம் ஒரு காலையில் ஒன்றை எடுத்துக் கழுத்தைத் திருகினேன். ஒரு திருகாணியை முடுக்கும் பலம்கூடத் தேவைப்படவில்லை.

"காலையில இருந்து கத்திக்கிட்டுத்தானே இருந்துச்சு. ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

நான் அநியாயக்காரன் இல்லை. மற்றதற்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன். தினமும் காலையில் கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்தேன். அலகைத் திறந்து திறந்து மூடியது, அவ்வளவுதான். எட்டாம் நாள் அதையும் முடித்தேன். இரண்டாவதற்கு அவள் அழவில்லை. கூண்டைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டாள்.

மில்லில் ஒரு விவகாரம் நடந்தது, அது உங்கள் கோப்பில் இருக்காது. மரம் தூக்கும் வண்டிக்காரன் பின்பக்கமாக வந்து என் முழங்காலில் இடித்தான். பின்னால் வரும்போது அந்த வண்டி கூவ வேண்டும், அதுதான் விதி. கூவவில்லை. பக்கத்தில் கிடந்த ரீப்பர் கட்டையை எடுத்து அவன் தோளில் இரண்டும் வாயில் ஒன்றும் போட்டேன். முன்பல் ஒன்று மரத்தூளில் விழுந்தது. பல்லைத் தேடிக்கொண்டே, "கூவிக்கிட்டுத்தானேண்ணே வந்தேன்," என்றான். சுற்றி நின்ற நாலு பேரும் அவன் சொன்னதையே சொன்னார்கள். ஆட்கள் எப்படிக் கூட்டுச் சேர்வார்கள் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன்.

ஆகவே சனிக்கிழமை மேசையில் நடந்ததும் எனக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. பாட்டு ஆரம்பிக்கும்போது நாலு குரலும் இருக்கும். மேலே ஏறும் இடம் வரும். என் மனைவி வாயைத் திறப்பாள், நெஞ்சு விரியும், புருவம் உயரும், சத்தம் மட்டும் வராது. மற்ற இருவரும் எதுவும் நடக்காத மாதிரித் தலையாட்டிக்கொண்டு பாடுவார்கள். நான் நிறுத்துவேன். "ஏன் பாடல?" என்பேன். "பாடிட்டுத்தானேங்க இருக்கேன்," என்பாள். மருந்துக்கடை அம்மா தன் பங்கைக் குனிந்து பார்ப்பார். இப்படி எட்டு மாதம். மூன்று பேர் சேர்ந்து என் காதில் பூச்சுற்றப் பார்த்தால் எவ்வளவு நாள்தான் பொறுப்பது?

இரண்டு மாதத்துக்கு முன் மைத்துனன் வாயை விட்டான். "மாமா, அக்கா பாடுறாங்க. எங்களுக்கெல்லாம் கேக்குது. உங்களுக்குத்தான்..." என்றான். அக்கா ஒரு பார்வை பார்த்தாள், அப்படியே நிறுத்திக்கொண்டான். எனக்குத்தான் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். அவன் வலக்கை மேசைமேல் விரிந்து கிடந்தது. பக்கத்து அலமாரியிலிருந்து மரச்சுத்தியலை, எங்கள் பேச்சில் கொட்டாப்புளியை, எடுத்து, விரல்கள்மேல் ஒரே அடி. ஒரு அடிதான். மோதிர விரலும் அதற்கு அடுத்ததும் போயின. காய்ந்த ரீப்பர் முறிகிற சத்தம், அது எனக்கு நன்றாகக் கேட்டது. பாம்புச்செவி என்று சும்மா சொல்லவில்லை.

மருத்துவமனையில் என் மனைவி, "கதவு இடுக்குல கை மாட்டிக்கிச்சு," என்று சொன்னாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிறவள், பாடுகிறேன் என்று சொன்னதை மட்டும் நான் எப்படி நம்புவது? அவன் ஒரு மாதம் வண்டி எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அவளாகவே என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

"இப்பப் பாடுறேன். கையில தெரியுதான்னு பாருங்க," என்றாள்.

தெரிந்தது. ஓடுகிற இயந்திரத்தின் மேல்மூடியில் கை வைத்த மாதிரி ஒரு அதிர்வு. நிஜத்தைச் சொல்கிறேன், அன்று ஒரு நாள் முழுக்க அவளை நம்பினேன். மறுநாள் மில்லில் பெல்ட் அறுந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, மேலே கை வைத்தால் அதிர்ந்தது, ரம்பம் சுற்றவில்லை. அப்போதுதான் விளங்கியது. தொண்டை அதிர்வதும் குரல் வருவதும் ஒன்றல்ல. அவள் என் கையையும் ஏமாற்றிவிட்டாள்.

இன்னொரு அத்தாட்சியும் சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு அட்டை தொண்டை மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை அம்மா காதும் காதும் வைத்தாற்போல் கொண்டுவந்து கொடுப்பார். ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பாள். காலையில் அறிவிப்புச் சொல்லவே குரல் கட்டியிருக்கும். பாடாதவளுக்குத் தொண்டை ஏன் புண்ணாகிறது? நடிப்புக்கும் ஒரு அளவு வேண்டும்.

மருந்துக்கடை அம்மா நூலகரோடு பேசி, ஞாயிற்றுக்கிழமை மாலை வாசிப்பு அறையில் எங்களைப் பாட வைக்க ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் மேசையையே எடுத்துப்போவதாகத் திட்டம். முப்பது நாற்காலி போடுவார்களாம். முப்பது பேர் முன்னால் என் மனைவி வாயைத் திறந்து திறந்து மூட, நான் கீழே தனியாக முனகிக்கொண்டிருக்க, ஊரே பார்த்துச் சிரிக்கும். மில்லிலிருந்தும் ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். முப்பத்தொரு வருடம் சம்பாதித்த பெயர் எனக்கு அது ஒன்றுதான்.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் இதற்காகத்தான் பொறுமையாக இருந்தீர்கள்.

மைத்துனன் நேராக ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். மருந்துக்கடை அம்மா கடையை அடைத்துவிட்டு நாலு மணிக்கு வருவார். மூன்று மணிக்கு மேசையில் நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு கேட்டுப் பார்க்கலாம் என்று அவள் தன் கைபேசியில் பதிவைப் போட்டு மேசை ஓரத்தில் வைத்தாள். ஜன்னல் திறந்திருந்தது. பாட்டை விரித்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். ஆரம்பித்தோம். வழக்கமான இடம் வந்தது. வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

மணிக்கட்டிலிருந்து கையை எடுத்து அவள் கழுத்தில் வைத்தேன். அவள் பயப்படவில்லை. அந்த இடத்தில் என் கையை வைக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

"பாடு," என்றேன். "மேல்குரல் எனக்குக் கேட்டுச்சுன்னா கையை எடுத்துடுறேன்."

பாடினாள், அல்லது அப்படிச் செய்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளங்கைக்கு அடியில் மோட்டார் ஓடியது. தெருவில் ஒரு லாரி போனது, அது கியர் மாற்றியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இவள் கேட்கவில்லை. கொஞ்சம் இறுக்கினேன். திரும்பவும் அதே வரியை எடுத்தாள். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நானும் அவளோடு தரைக்கு வந்தேன். முழங்காலை அவள் வயிற்றில் ஊன்றி, ஒழுங்காகப் பிடித்துக்கொண்டேன். அவள் நகம் என் முன்கையில் நாலு கோடு கிழித்தது, உங்கள் மருத்துவர் அளந்து எழுதியிருக்கிறார்.

மூன்றாவது தடவை பாதியில் நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள். எதையோ கண்டுபிடித்த மாதிரி ஒரு பார்வை. கையால் என் காதைத் தொட்டாள். பிறகு குரலைக் கீழே இறக்கினாள், எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு. கரகரவென்று, ஆண்பிள்ளைக் குரலில், என் பங்கைப் பாடினாள்.

அது கேட்டது. ஒரு சொல் விடாமல் கேட்டது.

எனக்குப் பெரிய ஆச்சரியம். என் பங்கு அவளுக்குப் படுத்தபடிதான் தெரியும். இத்தனை வருடத்தில் எப்போது அதை மனப்பாடம் செய்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் நான் கேட்டது மேல்குரல். அதைத்தான் சொன்னேன், தெளிவாகச் சொன்னேன். தன்னுடையதைப் பாட மனசில்லாமல் என்னுடையதை எடுத்து என் முகத்திலேயே பாடிக் காட்டுகிறாள். மேசையின் ஒரே விதி அவரவர் பங்கு அவரவருக்கு என்பதுதான். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை கோபமில்லை. இரண்டாவது கையையும் வைத்தேன்.

பாட்டு முடிய இன்னும் பதினாறு தட்டு இருந்தது. அவள் கழுத்து நாடி என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்ததால் அதையே தாளமாக வைத்து என் பங்கை நான் பாடி முடித்தேன். முதலில் ஓடியது, பிறகு தடுமாறியது, பத்தாவது தட்டுக்குப் பிறகு தாளம் கிடைக்கவில்லை. மிச்சத்தை உத்தேசமாக முடித்தேன். தொண்டைக்குள் ஏதோ முறிந்தது, குருவிக்கு ஆனதைவிடக் கொஞ்சம் பெரிய சத்தம். நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன். அவள் புடவை விலகியிருந்தது, சரிசெய்தேன். கொலை செய்தவன் நான்தான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. இதைத் தனி வரியாக எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

நாலு மணிக்கு மருந்துக்கடை அம்மா பின்வாசல் வழியாக வந்தார். முன்வாசல் மணியை அடித்து அடித்துப் பார்த்தாராம், அது வேலை செய்யாத மணி. தரையைப் பார்த்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு வாயை அகலத் திறந்தபடி நின்றார். சத்தம் எதுவும் போடவில்லை. ஆனாலும் ஒரு நிமிடத்துக்குள் தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. யார் போய்ச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

நேற்று ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் நாலைந்து தடவை அழுத்தினேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை, நானும் அழுத்தவில்லை. மருத்துவர் தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கொஞ்ச தூரம் நேராக வந்து, பிறகு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. ரம்பச் சத்தம் மேலே இருப்பதையெல்லாம் தின்றுவிட்டது என்றார். அவருடைய இயந்திரத்தை யாராவது பார்க்க வேண்டும்.

அவள் கைப்பையில் இருந்ததாக ஒரு சீட்டும் காட்டினீர்கள். காது மருத்துவர், திங்கட்கிழமை காலை பத்தரை மணி, என் பெயர். மைத்துனன் கொடுத்த வாக்குமூலத்தையும் படித்துக் காட்டினீர்கள். அக்கா இப்படிச் சொன்னாளாம்: "மில்லுல தெரிஞ்சா ரம்பத்தை விட்டு எடுத்துடுவாங்கடா. பாம்புச்செவின்னு பேர் வாங்கின மனுஷன், தாங்க மாட்டாரு. ஞாயித்துக்கிழமை பாட்டு நல்லபடியா முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நான் இன்னும் சத்தமாப் பாடிப் பார்க்கிறேன்." அழகாக இழைத்த பொய். பிசிறே இல்லை.

கடைசியாக அந்தக் கைபேசிப் பதிவைப் போட்டீர்கள். லாரி கேட்டது. நாற்காலி விழுந்தது கேட்டது. என் குரல் கேட்டது, நாலாவது வரியில் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தேன், வருத்தமாக இருந்தது. அவளுடைய கீழ்க்குரல் வந்தது. அதற்கு முன்னால் நாலு இடத்தில் வெறும் அமைதி. அந்த இடங்களில் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். வாசலில் நின்ற பெண் காவலர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். எதற்காகப் பொத்த வேண்டும் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதியது அத்தனையும் உண்மை. கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள், பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பதிவை இன்னொரு தடவை போடுங்கள். எனக்குச் சந்தேகம் ஒன்றும் கிடையாது. மேல்குரல் வரும் இடங்களில் மட்டும் கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுங்கள்.